மிச்சம் விடாத தோல்

பழைய சோபாவுக்குப் புது உறை போடுவதில் சோபாக்காரம்மாவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர்தான். ஆனால் யார் காலையும் பிடிக்காமல், ஒரு பழைய தையல் மெஷினையும் தன் இரண்டு கைகளையும் மட்டுமே நம்பி எழுப்பிய பட்டறை அது. மரச்சட்டத்தின் மேல் துணியைப் போட்டு, இடது கையால் இழுத்துப் பிடித்து, வலது கையால் ஸ்டேப்ளர் பின் அடித்தாரென்றால் ஒரு சுருக்கம் விழாது. ஓரத்தில் துணி தொங்கக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "தொளதொளன்னு விட்டா அது ஒரு வேலையா?" என்று கத்தரியை எடுத்துவிடுவார்.

அந்தக் கர்வம் ஆஸ்பத்திரிக்குள்ளும் கூடவே போனது.

இடது மார்பில் புற்று, மார்பையே எடுக்க வேண்டும் என்றானபோது அறுவை டாக்டர் பொறுமையாகத்தான் கேட்டார். "பின்னாடி மார்பு மாதிரி அமைச்சுக்கணும்னு தோணலாம்மா. தோலைக் கொஞ்சம் விட்டு, அடியில ஒரு பை வச்சு, மெல்ல மெல்ல விரிச்சுக்கிட்டு வரலாம். யோசிச்சுச் சொல்லுங்க."

அவருக்கா யோசனை? "தொங்கத் தொங்க ஒண்ணும் விடாதீங்க. இழுத்து நேராத் தச்சுடுங்க. நானும் தைக்கறவதான், எனக்குத் தெரியாதா?"

"அக்கா, அவர் சொல்றதைக் கேளேன்" என்று தங்கை கையைப் பிடித்தாள்.

"நீ சும்மா இருடி. உனக்கு ஊசியில நூல் கோக்கவே ஆள் வேணும்."

அவர் சொன்னபடியே தைத்தார்கள். அருமையான தையல். கண்ணாடியில் பார்த்து அவரே மெச்சிக்கொண்டார். அப்புறம் கதிர்வீச்சு கொடுத்தார்கள். அந்த இடம் கறுத்துத் தடித்து விலா எலும்போடு ஒட்டிக்கொண்டது.

உயிர் பிழைத்ததே போதும் என்றுதான் கொஞ்ச காலம் இருந்தார். ஆனால் சட்டை ஒரு பக்கம் குழிந்தது. நல்ல ஃபோமில் தானே ஒன்று வெட்டிச் செய்துகொண்டார். வடிவம் அச்சு அசல்! அது வேர்வையில் தோலை உரித்தது. குனிந்தால் கழுத்துக்கு ஏறிவந்தது. ஒருநாள் அது ஏறியதைக் கண்ட வாடிக்கையாளர் ஒருவர் பேச்சை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். சோபாக்காரம்மா வேலையை அப்படியே போட்டுவிட்டு, ஃபோம் அடுக்கிய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவர் புருஷன், அதே பட்டறையில் சட்டம் அடிக்கும் தச்சர், கதவுக்கு வெளியே நின்று, "எனக்கு அதெல்லாம் ஒரு குறையா? நீ இருந்தாப் போதும்" என்றார்.

"உனக்காகவாய்யா கேக்கறேன்? எனக்கு வேணும். என் உடம்பை என்னாலயே பார்க்க முடியல."

தங்கையைக் கூட்டிக்கொண்டு பிளாஸ்டிக் சர்ஜரி செய்யும் ஒட்டறுவை டாக்டரம்மாவிடம் போனார். அந்தம்மா தழும்பின் ஓரத்தை விரலால் கிள்ளித் தூக்கப் பார்த்தார். தோல் வரவில்லை.

"சிலிக்கான் வைக்கறாங்களாமே?"

"கதிர்வீச்சு பட்ட தோலும்மா. அடியில வச்சா சுத்தி இறுகலாம், புண்ணாகலாம், தோலைப் பிச்சுக்கிட்டு வெளியவே வந்துடலாம். அப்பவே தோலை விட்டு வச்சிருந்தா கொஞ்சமாவது வழி இருந்திருக்கும். யாரு இவ்வளவு இழுத்துத் தைக்கச் சொன்னது?"

சோபாக்காரம்மா தரையைப் பார்த்தார். தங்கை வாயே திறக்கவில்லை. அது கன்னத்தில் அறைந்ததை விட வலித்தது.

"வயித்துச் சதையைத் தோலோட எடுத்து வைக்கறதும் உண்டு. உங்க வயித்துல எடுக்க ஒண்ணுமில்லையே."

"எங்கிட்ட வேணா எடுத்துக்குங்க டாக்டர், ரெண்டு பேருக்கு ஆகும்" என்றாள் தங்கை. யாரும் சிரிக்கவில்லை. அப்படி இன்னொருத்தர் சதை ஒட்டாது என்று டாக்டரம்மா தலையை ஆட்டினார்.

"மிச்சம் இருக்கறது அதே பக்கத்து முதுகுத் தசை. தோலோட முன்பக்கம் திருப்பிக் கொண்டு வரலாம். தோள் பலம் கொஞ்சம் குறையலாம். வீட்டு வேலைக்குப் பெரிசாத் தெரியாது. நீங்க என்ன வேலை செய்யறீங்க?"

"இழுக்கற வேலை."

"எந்தக் கையால?"

அவர் இடது கையைத் தூக்கிக் காட்டினார்.

டாக்டரம்மா அந்தக் கையைப் பார்த்தார். "பழைய பலம் முழுசா வரும்னு நான் வாக்குத் தர முடியாதும்மா. இப்படியே இருந்துடறதும் ஒரு வழிதான். நிறையப் பேர் அப்படி இருக்காங்க."

"இருக்காங்க" என்றார் சோபாக்காரம்மா. எழுந்துகொண்டார்.

பட்டறையில் ஒரு சோபா அரைகுறையாகக் கிடந்தது. தச்சர் உளியைக் கீழே வைத்தார். "என்ன சொன்னாங்க?"

"ஒரு வழி இருக்காம். வேணாம்னுட்டேன்."

"ஏன்?"

"கை போயிடுச்சுன்னா நான் யாரு?"

தச்சர் எழுந்துவந்தார். சட்டத்தின் மேல் துணியை விரித்துக் கொடுத்தார். சோபாக்காரம்மா ஓரத்தைப் பிடித்தார். எந்தக் கைக்காக எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தாரோ, அந்தக் கைக்கு அன்று இழுக்கவே மனசில்லை. துணி அப்படியே தளர்ந்து கிடந்தது.