பித்தளைமேல் போட்ட பழி

வெர்லாவுக்கு அறுபத்து மூன்று வயது. விடியற்காலை நாலரைக்கு எழுந்து, கணவன் வெண்டெலுக்கு மாத்திரைகளை எடுத்து வைத்துவிட்டு, பதினாலாம் எண் பள்ளிப் பேருந்தை ஓட்டப் போவாள். இருபத்தேழு வருடமாக இதே பிழைப்பு. முதுகு போய்விட்டது, முழங்கால் போய்விட்டது. வெண்டெலின் இருதய வைத்தியம் அவளுடைய வேலைக் காப்பீட்டில் ஓடிக்கொண்டிருந்ததால் ஓய்வு என்ற பேச்சுக்கே இடமில்லை.

அவளுக்கென்று இருந்தது புதன்கிழமை சாயங்காலம் மட்டும்தான். ஊர்க் கொட்டகையில் கைத்துப்பாக்கிப் பந்தயம். மூன்று பேர் கொண்ட அவள் அணியில் டெல்பர்ட் ஒருவன், நடீன் ஒருத்தி. இந்த நடீன்தான் பள்ளிப் பேருந்துகளுக்கெல்லாம் மேலாளர். மூவருக்கும் தோட்டா வெர்லாவின் கையால் ஆனது. சுட்டுக் காலியான பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, அடியில் புது வெடிப்பொட்டு வைத்து, வெடிமருந்து போட்டு, ஈயக் குண்டைச் செருகித் தருவாள்.

இந்தியானாவின் தெற்கு மூலையில் இதைச் செய்யாத வீடு குறைவு. ஆனால் மற்றவர்களின் பித்தளைக் கூடு பதினைந்து இருபது தடவையில் வாய் கிழிந்து குப்பைக்குப் போய்விடும். வெர்லாவுடையது ஐம்பது தடவை தாண்டியும் உழைக்கும். ரகசியம் என்று ஒன்றும் கிடையாது. மருந்தைக் குறைத்துப் போடுவாள். குண்டு உட்காரும் அளவுக்கு மட்டும் வாயை விரிப்பாள், பிடித்து நிற்கும் அளவுக்கு மட்டும் இறுக்குவாள். "சுட்டா பித்தளை சாகாதுப்பா. வாயை விரிச்சு இறுக்கி, விரிச்சு இறுக்கித்தான் சாகுது" என்பாள். "மனுஷனும் அப்படித்தான், பேசிப் பேசியே சாவான்" என்பான் டெல்பர்ட். அவன் வாய் ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை.

விரிசல் விட்ட கூட்டைக் கண்டுபிடிக்கக் கண் போதாது, மயிரிழைக் கீறல் தெரியாது. ஐந்தாறு கூடுகளை உள்ளங்கையில் போட்டுக் குலுக்க வேண்டும். நல்லவை கிண்கிண் என்று பாடும். நடுவில் ஒன்று கிழிந்திருந்தால் ஓட்டைப் பானையைத் தட்டினதுபோல் ஒரு செத்த சத்தம் வரும். வெர்லாவின் காதுக்குத் தப்பிய விரிசல் இல்லை என்று ஊரில் பேச்சு.

நவம்பரில் ஒரு புதன்கிழமை. பொரித்த பன்றிக்கறி வைத்த ரொட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, டெல்பர்ட் சும்மா இருக்காமல் அவள் பையிலிருந்து ஒரு பிடி கூட்டை அள்ளிக் குலுக்கினான். அவள் முந்தின நாள்தான் குலுக்கித் தேர்ந்தெடுத்த கூடுகள்.

"ஏ வெர்லா, இதுல கிழிஞ்சது கிடக்குது."

"போடா, உனக்கு மெல்லுற சத்தம்தான் கேக்குது."

அவன் ரொட்டியை வைத்துவிட்டு ஒவ்வொன்றாக விலக்கி, வாயில் மெல்லிய கோடு விழுந்த ஒன்றைத் தூக்கிக் காட்டினான். அடுத்த பிடியில் இரண்டு. கடைசியில் இருநூறில் பதினாறு கிழிந்தவை. வெர்லா வாங்கிக் குலுக்கிப் பார்த்தாள். நல்லதும் கெட்டதும் அவளுக்கு ஒரே மாதிரி இருந்தது. ஆறேழு மாதமாக யார் என்ன சொன்னாலும் தலையாட்டிச் சமாளித்து வந்ததற்கெல்லாம் காரணம் அப்போதுதான் அவளுக்கு முகத்தில் அறைந்தது.

"பித்தளைக்கு வயசாயிடுச்சு. இத்தனை தடவை உழைச்சதுக்கு பென்ஷன் குடுத்து அனுப்பு தாயி" என்றான் டெல்பர்ட்.

நடீன் சிரித்தாள். வெள்ளிக்கிழமை ஓட்டுநர்களுக்கு வருடாந்தர மருத்துவச் சோதனை, அதில் காதும் உண்டு. காதில் மெஷின் மாட்டிக்கொண்டு ஓட்டலாம் என்று விதியில் இருக்கிறது. ஆனால் சோதனையில் ஒதுக்கி வைக்கப்பட்டவர் யாரும் திரும்பி வந்து வெர்லா பார்த்ததில்லை. வெண்டெலின் மாத்திரை டப்பா கண்முன் வந்து நின்றது.

"ஆமா, பித்தளைதான் கெட்டுப்போச்சு" என்றாள் வெர்லா. இருநூறையும் கழிவு உலோகம் போடும் வாளியில் கொட்டினாள். நல்லவையும் சேர்ந்தே விழுந்தன. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அமைதியான அறையில் மருத்துவர் ஐந்தடி பின்னால் நின்று எண்களை முணுமுணுத்தார். வெர்லா மூச்சைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிட்டாள். கையெழுத்தான தாளை வாங்கிக்கொண்டு காருக்கு வந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். சந்தோஷமே வரவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் மழை. கூரையில் மழை, முன்னால் சூடேற்றியின் இரைச்சல், பின்னால் முப்பது பிள்ளைகள். சரளைப் பாதை முக்கில் ஒன்றாம் வகுப்பு டெஸ் இறங்கினாள். வெர்லா கண்ணாடிகளைப் பார்த்தாள், ஆள் இல்லை, வீட்டுப் பக்கம் போய்விட்டாள் என்று நினைத்தாள். பின்னால் பிள்ளைகள் கத்தினார்கள். என்றைக்குத்தான் கத்தவில்லை? பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள்.

உள்கண்ணாடியில், நாலாம் இருக்கையில் ஒரு பெரிய பெண் எழுந்து இரண்டு கையாலும் முன்பக்கம் காட்டுவது தெரிந்தது. வெர்லா பிரேக்கை மிதித்தாள். பேருந்து ஒரு சாண்தான் நகர்ந்திருக்கும். பேருந்தின் முன் பம்பருக்குக் கீழேயிருந்து டெஸ் எழுந்தாள். விழுந்த கையுறையை எடுத்துக்கொண்டு, கையசைத்துவிட்டு ஓடினாள்.

"மூணு தடவை நிறுத்துங்க நிறுத்துங்கன்னு கத்தினோம்" என்று அந்தப் பெண் பக்கத்தில் வந்து அழுதாள். "எல்லாரும் கத்தினோமே!"

சத்தம் கேட்டிருந்தது. வார்த்தை கேட்கவில்லை.

வெர்லா எஞ்சினை அணைத்தாள். பேருந்து ரேடியோவின் ஒலிவாங்கியை எடுத்தாள்.

"நடீன், பதினாலு பேசுறேன். வேற ஓட்டுநரை அனுப்பு."

"வண்டி ரிப்பேரா?"

"வண்டி நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் காது கேக்கல. பிள்ளைங்க கத்தினது விளங்காம டெஸ் மேல ஏத்தப் பார்த்தேன், நல்லவேளை ஒண்ணும் ஆகல. புதன்கிழமை நீ இருக்கியேன்னு பயந்து பித்தளைமேல பழியைப் போட்டேன்."

நடீன் என்னவோ பதில் சொன்னாள். நீளமாகவே சொன்னாள். மழையும் ரேடியோவும் போட்ட இரைச்சலில் ஒன்றும் பிடிபடவில்லை. வழக்கம்போல் "சரி" என்ற சொல் வெர்லாவின் வாய்வரை வந்தது.

"எனக்கு விளங்கல, நடீன்" என்றாள். "இன்னொரு தடவை சொல்லு."