அமாவாசையன்று எடுத்த அளவு

யுத்த காலத்தில் மதுரையில் ஒரு மின்சாரக் கம்பெனியில் அளவு குறிக்கும் குமாஸ்தாவாக இருந்தேன். எங்கள் லைனுக்கு ஒரே ஒரு கண்டென்சர் வந்து சேர்ந்தது. இடுப்பளவு உயரமுள்ள இரும்புப் பெட்டி.

மோட்டார் சுழல இழுக்கும் மின்சாரம் போக, தனக்குள் காந்தம் உண்டாக்கவும் கொஞ்சம் இழுக்கும். அந்தக் கொஞ்சத்தைப் பெட்டி அருகிலிருந்தே கொடுத்துவிடும். கம்பியில் பாரம் குறையும், வோல்டேஜ் விழாது. ஆகவே மோட்டார்கள் அதிகமுள்ள இடத்தில் மாட்ட வேண்டும். லைன் இரண்டாகப் பிரிந்து ஒரு கிளை அரிசி ஆலைக்கும் மற்றது செல்லூருக்கும் போயிற்று. எந்தக் கிளை என்று அளந்து சொல்வது என் வேலை.

செல்லூர்க் கிளையில் நூல் முறுக்கும் பட்டறைகள் இருந்தன. கடைசிப் பட்டறையின் மோட்டார் குறைந்த வோல்டேஜில் ஓடி ஒருமுறை கருகியிருந்தது. மறுபடி கருகினால் சுற்றத் தாமிரக் கம்பி கிடைக்காது. பட்டறையை மூட வேண்டியதுதான். அதன் முதலாளி என்னைக் காணும்போதெல்லாம் இதைச் சொல்வார்.

சந்தில் தறிக்கான பாவு நூலை நீளமாக விரிக்காத நாளாகப் பார்த்து ஏணி சாத்தினேன். பட்டறைக் கதவுகளும் சாத்தியிருந்தன. சத்தமில்லாமல் வேலை செய்ய வசதியாக இருந்தது. செல்லூரில் வோல்டேஜ் குறையில்லை என்று எழுதினேன். பெட்டியை ஆலையருகே மாட்டினார்கள்.

மறுநாள் முதலாளி ஆபீசுக்கு வந்தார்.

"என்னைக்குண்ணே அளந்தீக?"

நோட்டைப் பார்த்துத் தேதி சொன்னேன். அவர் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார்.

"அது அமாவாசைண்ணே. மத்த நாளு ராப்பகலா ஓடுது. அன்னைக்கு எவன் மோட்டார் போடுவான்? தூங்குறவன எழுப்பாம, எம்புட்டுப் பசின்னு பாத்துட்டு வந்திருக்கீக."

அங்கிருந்த எங்கள் லைன்மேன் என் பக்கம் திரும்பினார். "ஏன் மாப்ள, நீ மதுரைக்காரந்தானே?"

மதுரைக்காரன்தான். மீண்டும் அளந்தேன். பெட்டி செல்லூருக்கு வந்தது. முதலாளியின் மோட்டார் முனகாமல் ஓடியது.

அடுத்த அமாவாசைக்கு மறுநாள் முதலாளி இரண்டு பல்புகளோடு வந்தார். இரண்டும் கருத்திருந்தன. மோட்டார்கள் நின்றும் பெட்டி கொடுத்துக்கொண்டே இருந்ததில் வோல்டேஜ் ஏறிவிட்டது.

"மோட்டாருக்கு லீவு விட்டோம். பெட்டிக்கு யாருண்ணே லீவு குடுக்குறது?"

பெட்டி அளவில் பெரிது என்று எங்கள் எஞ்சினியர் ஒப்புக்கொண்டார். சிறியது யுத்தம் முடிந்தால்தான் வரும். அவர் வெளியூர்க்காரர், சகுனம் பார்க்காதவர். அன்று மாலையே ஒரு பஞ்சாங்கம் வாங்கி, வோல்ட்மீட்டருக்குப் பக்கத்தில் வைத்தார். அதன்பின் அமாவாசைதோறும் லைன்மேன் கம்பத்தில் ஏறிப் பெட்டியின் பியூசைப் பிடுங்குவார், மறுநாள் போடுவார்.

நான் வேலையை விடும்வரை அந்த மோட்டார் கருகவில்லை.