கண்ணாடிக்காரரின் கறுப்பு வண்டி

கடைத்தெருவில் கண்ணாடிக்காரர் என்றால்தான் அவரைத் தெரியும். சின்ன மூக்குக்கண்ணாடிக் கடை. முன்பக்கம் கண் பார்க்கும் நாற்காலியும், வரி வரியாக எழுத்து சிறுத்துக்கொண்டே போகும் வெளிச்சப் பலகையும் இருக்கும். பின்பக்கம், ஃபிரேமுக்குத் தக்கபடி லென்ஸைத் தேய்க்கும் மெஷின். அது கக்கும் வெள்ளைத் தூள் அவருடைய சட்டைக் கையில் எப்போதும் படிந்திருக்கும். பாதி வாழ்க்கையை ஸ்கூட்டரிலேயே ஓட்டியவர். மழை வந்தால் கடையிலேயே நின்றுவிட்டு, விட்டதும் கிளம்புவார். தலை நரைத்த பிறகுதான் அவருக்குக் கார் ஆசை வந்தது. வந்தது சும்மா வரவில்லை, பேய் பிடித்த மாதிரி வந்தது.

சாதாரணக் கார் இல்லை, சொகுசுக் கார். கறுப்பு நிறம், பூனை மாதிரி சத்தமில்லாமல் நகரும், இருக்கைக்குள்ளேயே சூடும் குளிரும் வரும். இதை அவர் முதலில் சொன்னது தங்கையின் கணவரிடம். மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். இஸ்திரிப்பெட்டி வாங்கினால்கூட அதோடு வரும் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்துவிட்டுத்தான் சுவிட்சைப் போடுவார். அவர் நாலு நாள் எதையெதையோ படித்துப் பார்த்துவிட்டு வந்து, தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த மாடலைப் பத்தி வாங்கினவங்களே நிறையக் குறை எழுதியிருக்காங்க. ஓடும்போதே நின்னுடுதாம். வேற வண்டி பாருங்களேன்."

கண்ணாடிக்காரர் சிரித்து மழுப்பினார். வீட்டுக்கு வந்து மனைவியிடம், வாத்தியாருக்கு வயிற்றெரிச்சல், தன்னால் முடியாததை அடுத்தவன் வாங்கினால் பொறுக்குமா என்றார்.  அடுத்த மாதமே வண்டி வாசலுக்கு வந்துவிட்டது.

கொஞ்ச நாளைக்கு அவர் கால் தரையில் பாவவில்லை. கண் பார்க்க வந்தவர்களிடம், "தூரத்துல என்ன தெரியுது?" என்று கேட்டுவிட்டு, ஜன்னலுக்கு வெளியே நிற்கும் தன் வண்டியின் நம்பரைப் படிக்கச் சொன்னார். தங்கை வீட்டுக்கு நடந்தே போகலாம், இரண்டு தெரு தள்ளித்தான். ஆனாலும் வண்டியில்தான் போனார். போய் இறங்கும்போதெல்லாம் மாப்பிள்ளையைப் பார்த்து, "எங்கேயாவது நின்னுச்சா?" என்று கேட்பார். மாப்பிள்ளை பாவம், "நல்லா இருந்தா சந்தோஷம்தான் மச்சான்" என்பார்.

மூன்றாவது மாதம் அது நின்றது.

ரவுண்டானாவைச் சுற்றித் திரும்பிக்கொண்டிருந்தார். எதிரே இருக்கிற டாஷ்போர்டில் எல்லா விளக்கும் ஒரே சமயத்தில் எரிந்தன. என்ஜின் சத்தம் எப்போதுமே கேட்காது என்பதால் அது அணைந்தது அவருக்கு முதலில் புரியவில்லை. ஸ்டியரிங் இறுகிக்கொண்டது. பிரேக்கை மிதித்தால் கல்லை மிதிக்கிற மாதிரி இருந்தது. பின்னால் வந்த லாரி அலறிக்கொண்டு பக்கத்தில் உரசாத குறையாகப் போனது. எப்படியோ ஓரத்தில் ஏறி நின்றார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்து பட்டனை அழுத்தினால், ஒன்றுமே நடக்காதது போல வண்டி கிளம்பியது.

மறுநாளே கம்பெனி சர்வீஸுக்குப் போனார். சர்வீஸ் சென்டரா அது, நட்சத்திர ஹோட்டல் போல இருந்தது. வழவழவென்ற தரை, தோல் சோபா, கேட்காமலே காபி. கோட்டு போட்ட ஒரு இளைஞன் வண்டியைக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்துவிட்டு வந்து, எந்தக் கோளாறும் பதிவாகவில்லை என்றான். பிறகு குரலைத் தணித்து, ரொம்ப மரியாதையாக, "சார் இதுக்கு முன்னாடி என்ன வண்டி வச்சிருந்தீங்க?" என்று கேட்டான். ஸ்கூட்டர் என்றார் இவர். அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. "இந்த வண்டி பழக கொஞ்ச நாளாகும் சார். தெரியாம ஏதாவது பட்டன்ல கை பட்டிருக்கும்" என்றான். பக்கத்து சோபாவில் உட்கார்ந்திருந்தவர் பேப்பரைத் தாழ்த்தி இவரைப் பார்த்தார். கண்ணாடிக்காரர் பாதிக் காபியோடு எழுந்துகொண்டார். அதற்கப்புறம் அந்தப் படியை மிதிக்கக் கூடாது என்று அவர் தீர்மானித்தது கோபத்தால் அல்ல. பட்டிக்காட்டான் மாதிரி நின்றோமே என்ற கூச்சத்தால்.

மறுபடியும் நின்றது. அப்போது மனைவியும் கூட இருந்தாள். வண்டியைத் தலையில் கட்டினவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றாள். அவர் அவளிடம் வாங்கிக்கொண்ட சத்தியம் ஒன்றுதான்: தங்கை வீட்டுக்கு மட்டும் இது தெரியக் கூடாது. மாப்பிள்ளையிடம் போய் "நீங்க சொன்னதுதான் நடந்தது" என்று சொல்வதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்று அவருக்கு இருந்தது. அதற்கப்புறம் பொய்கள் தானாக வந்தன. டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்றார். கடைத்தெருவில் நிறுத்த இடமில்லை என்றார். வண்டி வீட்டு வாசலில் உறை போர்த்திக்கொண்டு நின்றது. கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்து, வண்டியில் திருப்தியா, பத்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள் என்று கேட்டபோது, தங்கை சமையலறையில் மனைவியோடு பேசிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழட்டும் என்று குரலை உயர்த்தி, "பத்துக்குப் பத்து" என்றார்.

அந்தத் தங்கைதான் ஒரு நாள் காலையில் கடைக்கு வந்தாள். அவள் நர்ஸ். படுக்கையில் கிடப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்து, புண்ணுக்குக் கட்டு மாற்றி, ஊசி போட்டுவிட்டு வருவது அவள் வேலை. அதற்காகவே ஒரு பழைய சின்னக் கார் வைத்திருந்தாள். குடும்பத்தில் முதலில் கார் ஓட்டக் கற்றவள் அவள்தான். இவருக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான். அன்றைக்கு அவள் வண்டி கிளட்ச் போய் மெக்கானிக்கிடம் நின்றது. வாத்தியாருக்குப் பக்கத்து நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்க வேண்டும். உன் வண்டியைத் தருகிறாயா, மத்தியானத்துக்குள் கொண்டு வந்து விட்டுவிடுகிறேன் என்று கேட்டாள்.

சொல்வதற்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. வாயும் திறந்தது. அதற்குள் அவள் சொன்னாள்: "அவருக்கும் உன் வண்டியில ஒரு தடவை போகணும்னு ஆசைதான். கேக்கக் கூச்சப்படுறாரு." அவ்வளவுதான், சாவி அவள் கைக்குப் போய்விட்டது. இதுவரை இரண்டு தடவைதானே நின்றது, இன்றைக்குமா நிற்கப்போகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அவளிடம் சொன்னதெல்லாம் இரண்டே வார்த்தை. "மெதுவா போ."

பாலத்திலிருந்து இறங்கும் சரிவில் வண்டி செத்தது. அவள் பிரேக் மேல் ஏறி நிற்காத குறையாக மிதித்திருக்கிறாள். முன்னால் ஒரு பஸ் ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் மோதக் கூடாது என்று இறுகின ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இழுத்து ஒடித்து, சாலை நடுவிலிருந்த தடுப்புச் சுவரில் விட்டுவிட்டாள். வாத்தியாருக்கு நெற்றியில் ஒரு தையல். அவளுக்கு வலது மணிக்கட்டு இரண்டாக முறிந்தது.

கண்ணாடிக்காரர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். கட்டிலில் கையைத் தொங்கவிட்டபடி உட்கார்ந்திருந்தவள் இவரைக் கண்டதும் விசும்ப ஆரம்பித்தாள்.

"அண்ணா, உன் வண்டியைப் பாழாக்கிட்டேனே. பெரிய வண்டி, எனக்குப் பழக்கமில்ல. எதையோ தப்பா தொட்டுட்டேன் போல இருக்கு."

சர்வீஸில் அந்தக் கோட்டுக்காரன் சொன்ன அதே சொல். அது பொய் என்று அந்த அறையில் தெரிந்தவர்கள் இரண்டே பேர், இவரும் கூட வந்திருந்த மனைவியும். அவர் என்ன செய்தார்? தங்கையின் தலையைத் தடவிக் கொடுத்தார். "விடும்மா, வண்டிதானே, போகட்டும்" என்றார். நர்ஸுகளும் பக்கத்துக் கட்டில்காரர்களும், இந்தக் காலத்தில் இப்படி ஒரு அண்ணனா என்று பார்த்தார்கள். மனைவி மட்டும் சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள்.

அந்தப் பார்வைகளை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குமேல் நடந்தது இன்னும் மோசம். மாவுக்கட்டு பிரித்த பிறகும் தங்கை ஸ்டியரிங்கைத் தொடவில்லை. தனக்குக் கை நடுங்குகிறது, வயசாகிவிட்டது, நம்பி யாரையும் ஏற்றக் கூடாது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். நோயாளிகள் வீட்டுக்குப் பஸ் மாறி மாறிப் போனாள். பாதிப் பேரைப் பார்க்க முடியாமல் வேறு நர்ஸிடம் விட்டுவிட்டாள். ஒரு மத்தியானம், மருந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் அவள் வெயிலில் நிற்பதைக் கடையிலிருந்தபடியே பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாள், "கீழ் வரி படிக்கவா?" என்று இரண்டு தடவை கேட்டும் அவர் காதில் விழவில்லை.

அன்று சாயங்காலம் தங்கை வீட்டுக்கு நடந்து போனார். வாத்தியார் டியூஷனுக்குப் போயிருந்தார். தங்கை வலது கையால் பழைய பந்து ஒன்றை அமுக்கி அமுக்கிப் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். உட்காரக்கூடச் செய்யாமல் இவர் சொல்லத் தொடங்கினார். நீ எதையும் தப்பாகத் தொடவில்லை, அது முன்பே நின்ற வண்டி, எனக்கும் நின்றது, அண்ணிக்கும் தெரியும் என்று கொட்டித் தீர்த்தார்.

அவள் பந்தை அமுக்குவதை நிறுத்தினாள். "எப்பலேர்ந்து தெரியும்?"

"வாங்கின மூணாவது மாசத்துலேர்ந்து."

 திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்துத் தலையைக் குனிந்து நின்றார். அவள் குரல் உயரவே இல்லை.

"கை போனா போகுது. ஆனா நான் அழுது மன்னிப்பு கேட்டேனே, அப்ப என் தலையைத் தடவிக் குடுத்தியே அண்ணா. அது எப்படி உன்னால முடிஞ்சுது?"

 கூனிக் குறுகி நின்றுவிட்டு வெளியே வந்தார். தெருவில் யாரோ வணக்கம் சொன்னார்கள். யாரென்று பார்க்கவில்லை.

அடுத்த நாள் கடையைப் பூட்டிவிட்டு, வாகனப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசாங்க அலுவலகத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தார். அங்கே இருந்த அதிகாரி, அதே மாடலுக்கு வேறு சிலரும் எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொல்லி, எல்லாரையும் ஒரு நாள் கூட்டி விசாரித்தார். வழக்கறிஞர், பல் டாக்டர், துணிக்கடை முதலாளி என்று வந்திருந்தவர்கள் எல்லாரும் வசதியானவர்கள். ஆனால் அறைக்குள் நுழையும்போது ஒவ்வொருவரும் திருட்டு முழி முழித்துக்கொண்டுதான் வந்தார்கள். பல் டாக்டர், தன் வண்டி நின்றபோது தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று போன் பேசுவது போல நடித்துக்கொண்டு நின்றாராம். எல்லாரும் சிரித்தார்கள். கண்ணாடிக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்கள் மறைத்ததில் யாருக்கும் கை முறியவில்லை.

தன் முறை வந்ததும், தங்கைக்கு நேர்ந்ததைச் சொன்னார், தெரிந்தே சாவியைக் கொடுத்ததையும் சேர்த்து.  துணிக்கடை முதலாளி நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். இவருக்கு அப்படித்தான் பட்டது.

விசாரணை இழுத்துக்கொண்டே போய், கடைசியில் கம்பெனி அந்த மாடல் வண்டிகள் அத்தனையையும் திரும்ப அழைத்தது. பெட்ரோல் ஏற்றும் பம்பு உள்ளே சிக்கிக்கொள்கிறது, இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று அறிவித்தது. பேப்பரில் சின்னதாகச் செய்தி வந்தது. வாத்தியார் அதைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு, தங்கையையும் அழைத்துக்கொண்டு, இவர் வீட்டுக்கே வந்துவிட்டார். முகமெல்லாம் மலர்ச்சி.

"மச்சான், நீங்க குடுத்த புகாரும் இதுல ஒண்ணாமே. இவளுக்கு அடிபட்டதும் நீங்க சும்மா விடலை பாருங்க, ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கியிருக்கீங்க. நான்கூட இவ பயந்து கையை விட்டுட்டான்னுதான் நெனச்சேன். இவகிட்ட எத்தனை தடவை அதைச் சொல்லிக் காட்டியிருக்கேன் தெரியுமா?"

கண்ணாடிக்காரர் தங்கையைப் பார்த்தார். அவள் டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை மாதமாக அவள் புருஷனிடம் சொல்லவே இல்லை. இவர் மானத்தைக் காப்பாற்ற, பயந்தாங்கொள்ளி என்ற பேரை அவளே சுமந்திருக்கிறாள். அவள் இனிமேலும் சொல்லப்போவதில்லை. சும்மா இருந்தால் போதும், வாத்தியார் வாயாலேயே பாராட்டு மாலை விழுந்துவிட்டது.

"இல்ல மாப்ளே," என்றார். "அது நிக்கும்னு எனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சுதான் சாவியைக் குடுத்தேன்."

வாத்தியாருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "அப்புறம் ஏன் மச்சான் குடுத்தீங்க?"

"நீங்க வேணாம்னு சொன்ன வண்டி. கெட்டுப்போச்சுன்னு உங்ககிட்ட சொல்ல வாய் வரலை."

வாத்தியார் தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?" அவள் ஆமாம் என்று தலையசைத்தாள். அவர் பேப்பர்த் துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துவிட்டார். தங்கை டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுத்தான் பின்னால் போனாள். போகும்போது, அண்ணி போட்ட டீயில் சர்க்கரை குறைவு என்றாள். மாதக்கணக்கில் அவள் அந்த வீட்டில் சொன்ன முதல் சாதாரணப் பேச்சு அது.

அவள் திரும்பவும் வண்டி எடுத்தாள். முதலில் வாத்தியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தெருக்கோடி வரை ஓட்டினாள், பிறகு பஜார் வரை, பிறகு பழையபடி நோயாளிகள் வீட்டுக்கு. மழை நாட்களில் மணிக்கட்டு வலிக்கிறது என்று கையை உதறிக்கொள்வாள். அண்ணன் வீட்டுக்கு வருவாள், பேசுவாள். அந்தக் கறுப்பு வண்டியில் மட்டும் ஏறுவதில்லை. மோதின இடத்தைச் சரிசெய்து, பம்பும் மாற்றி வந்த பிறகு அது ஒரு நாளும் நிற்கவில்லை, அது வேறு விஷயம். வாத்தியார் ஒரு வருஷத்துக்குமேல் வாசல் மிதிக்கவில்லை. பிறகு ஒரு நாள், படிக்கிற கண்ணாடிக்கு நம்பர் ஏறிவிட்டது என்று கடைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடிக்காரர் ஒவ்வொரு லென்ஸாக மாற்றி, இது தெளிவா, அது தெளிவா என்று கேட்டார். வாத்தியார் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். மச்சான் என்று கூப்பிடவில்லை. கண்ணாடி ரெடியானதும் தானே வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.