கூட்டல் குறி இல்லாத விதைப்பு வரிசை

பசுவந்தனைப் பக்கம் எங்கள் ஊரில், வீட்டிலிருந்தே கணினி வேலை பார்க்கிறவள் நான். மழை விட்டு நிலம் பதமானால் போதும், அப்பாவின் போன் அடித்துக்கொண்டே இருக்கும். டிராக்டர் அவரிடம்தான் இருக்கிறது. கரிசல் யாருக்காகவும் காத்திருக்காது. ஈரம் காய்ந்தபின் விதைத்துப் பயனில்லை. எல்லோருக்கும் நாளைக்கே வண்டி வேண்டும்.

அவர் சொன்ன வரிசையில் பெயர்களையும் எண்களையும் ஒரு கோப்பில் அடித்தேன். முதலில் என் தாய்மாமா. கடைசியில் சித்தப்பா. வண்டிப்பாதைத் தகராறுக்குப் பிறகு அப்பாவுக்கும் அவருக்கும் பேச்சே கிடையாது. சித்திதான் வந்து கேட்டாள். விதைப்புக்கு வண்டி இல்லையென்று சொல்வது எங்கள் பக்கம் பாவம். ஆகவே கடைசி இடம்.

"நீ சும்மா இரு ஏட்டி, நான் போன்லயே சொல்லிக்கிடுதேன்" என்றார் அப்பா. படித்த திமிர் சும்மா இருக்குமா? ஷெல் ஸ்கிரிப்ட் என்கிற குட்டி நிரல் ஒன்று எழுதினேன். அதில் ஒரு லூப், சுற்றிச் சுற்றி ஓடிக் கோப்பை வரிவரியாகப் படித்து ஆட்களைப் பட்டியலில் சேர்க்கும். இன்னொரு லூப் அந்தப் பட்டியலைப் பார்த்து அவரவர் முறையைக் குறுஞ்செய்தியாக அனுப்பும். சாயங்காலமே அதை ஓட்டிவிட்டு நிம்மதியாக முறுக்கு தின்றேன்.

விடிந்ததும் வாசலில் சித்தப்பா. தோளில் உளுந்து விதை மூட்டை, இடுப்பில் சலவை வேட்டி வேறு.

"அண்ணன் எனக்கு மொத முறை போட்டிருக்காவ, பாத்தியா ஏட்டி" என்றார். செய்தியைக் காட்டப் போனை நீட்டினார்.

உள்ளே ஓடிப்போய்ப் பார்த்தேன். சேர்க்கிற வரியில் சமக்குறிக்கு முன்னால் கூட்டல் குறியைப் போடவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக வந்தவர் பழைய ஆளைத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். மிஞ்சியது சித்தப்பா ஒருவர்தான்; அவரே முதல், அவரே கடைசி. மற்ற யாருக்கும் செய்தியே போகவில்லை. தாய்மாமா அதற்குள் போனில் அப்பாவைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

போனை வைத்த அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். அழுகை வந்துவிட்டது. வெயில் அப்போதே சுள்ளென்று அடித்தது. மாமா நிலத்து ஈரம் மதியம் தாண்டுமா என்று பயமாக இருந்தது.

"நான் போயிச் சித்தப்பாட்ட சொல்லிருதேன்ப்பா, கம்ப்யூட்டர் தப்புன்னு."

அப்பா என் கையைப் பிடித்து நிறுத்தினார். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். வெளியே சித்தப்பா மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, எங்கள் டிராக்டர் டயரில் அப்பியிருந்த கரிசல் மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"ஒங்க மாமன் ஏசுறத நான் வாங்கிக்கிடுதேன்" என்றபடி அப்பா வண்டிச் சாவியை எடுத்தார். "தப்புன்னு மட்டும் அவன்ட்ட சொல்லிராத ஏட்டி."