கல்லோடு ஒட்டிய சிங்க்

புதுக் குசினி கட்டுகிறவர்களுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன். கனடாவிலிருக்கும் மகன் குடும்பத்தோடு வரப்போவதாகச் சொன்னதால் கிரனைட் மேடை போட்டேன். கல்லுக்கு அடியில் பொருத்தும், இரண்டு தொட்டியுள்ள சிங்க்கை அவனே வீடியோ அழைப்பில் தெரிவு செய்தான். நான் கழுவுவது ஒரு கோப்பையும் ஒரு பேணியும்தான்.

மேசன் வெறும் பசையால் ஒட்டிவிட்டு, "இனி அசையாது, பயப்பிடாதேங்கோ அம்மா" என்றார்.

திருகோணமலையில் எங்கள் ஒழுங்கைக்குக் குழாய்த் தண்ணீர் காலையில் மட்டும் வரும். வாளிகளை நிரப்பும் பழக்கத்தில் இரண்டு தொட்டிகளையும் அடைத்து நிரப்பி வைத்தேன். மத்தியானம் மீன் கழுவ நின்றவள், உப்பை எடுக்க இரண்டடி தள்ளிப் போனேன். அந்த நேரம் பார்த்து சிங்க் கல்லைவிட்டுக் கழன்று, நான் நின்ற இடத்திலேயே விழுந்தது. கால் தப்பியது. ஈரத் தரையில் வெகுநேரம் தனியே உட்கார்ந்திருந்தேன்.

பின்னேரம் பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா மதிலடியில் சொன்னார்: "சத்தம் கேட்டது. பிள்ளையள் வந்திட்டினமாக்கும் எண்டு நினைச்சன்."

இப்போது சிங்க்குக்கு அடியில் இரும்புத் தாங்கி இருக்கிறது. தண்ணீரை வாளியில்தான் பிடிக்கிறேன். மகன் இன்னும் வரவில்லை. கைதவறி ஏதாவது விழுந்தால், "நான்தான் அக்கா" என்று மதிலடிக்குப் போய்ச் சொல்லிவிடுகிறேன்.