கண்ணாடிக்குள் ஒரு பால்போச்சி

ஒஸ்லோவில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் பூட்டு. ட்வெய்ட்டா கடைத்தொகுதிக்குப் போயும் பயனில்லை. வெளியே பனியும் இல்லை, மழையும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று விழுந்துகொண்டிருந்தது. ஆகவே அப்பா எங்களை நூதனசாலைக்குக் கொண்டுபோனார். அன்று அங்கே நுழைவு இலவசம், உள்ளே நல்ல சூடு. அகதியாக வந்த மனிதருக்குக் கலையில் ஆர்வம் பிறக்க வேறென்ன வேண்டும்.

நடந்தால் நல்லது என்று சித்தியையும் கூட்டிக்கொண்டோம். அவளுக்கு ஏழாம் மாதம். முதல் பிள்ளை துரொண்ட்ஹெய்மில் பிறந்த கையோடு போய்விட்டது. ஆண்கள் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். பெண்கள் இடுகாட்டுக்குப் போகும் வழக்கம் எங்களுக்கு இல்லை. அதற்குப் பிறகு வீட்டில் அந்த நகரத்தின் பெயரையே யாரும் எடுப்பதில்லை. இந்த முறை அம்மா தன் தங்கையின் வயிற்றைக் கண்ணாலேயே தாங்கிக்கொண்டு திரிந்தாள். சித்தி தும்மினாலும் அம்மாவுக்கு நெஞ்சு இடித்தது.

கிரேக்கச் சாமான்கள் இருந்த அறை. மண்குடங்கள், எண்ணெய்க் குப்பிகள்.

"எங்கடை சட்டி பானையையும் கண்ணாடிக்கை வைச்சா அதுக்குப் பேர் கலை" என்றார் அப்பா.

சித்தி சிரிக்கவில்லை. ஒன்றின் முன்னால் நின்றுவிட்டாள். கைக்குள் அடங்கும் கறுப்புப் பாத்திரம், பக்கவாட்டில் சின்ன மூக்கு.

வீட்டில் நோர்வேஜியன் ஒழுங்காக வாசிப்பவள் ஒன்பது வயது நான்தான். வைத்தியரிடம் போனாலும் வங்கிக்குப் போனாலும் என் வாய்தான் எல்லோருக்கும் வாய். பாத்திரத்தின் கீழிருந்த அட்டையில் 'பார்னெகிராவ்' என்று இருந்தது. குழந்தையின் புதைகுழி. பிள்ளையோடு சேர்த்துப் புதைத்த பால்போச்சியாம். அம்மாவின் காதுக்குள் சொன்னேன். குளிர்ச்சட்டையையும் தாண்டி அவள் விரல்கள் என் தோளில் இறங்கின.

"என்னவாம், பிள்ளை?" சித்தி திரும்பாமலே கேட்டாள்.

"பால் குடுக்கிற போச்சியாம், சித்தி. கிரேக்கத்தாலை வந்ததாம்."

பாதியைச் சொன்னேன். மீதியை விழுங்கினேன்.

வீடு இருக்கும் ரொம்மன் வரைக்கும் ரயிலில் அம்மா சாகாமல் செத்தாள். பிள்ளைத்தாய்ச்சி செத்தவீட்டுக்கே போகக்கூடாது. இவளோ புதைகுழிச் சாமானுக்கு முன்னால் மூக்கு முட்ட நின்றிருக்கிறாள். தீட்டுக் கழியத் தலையில் தோயாமல் வீட்டுக்குள் கால் வைத்தால்? தோயச் சொன்னால் ஏன் என்பாள். ஏன் என்று சொன்னால் பயப்படுவாள். பயந்தால், வயிறு.

சித்தி யன்னல் பக்கம் இருந்தாள். அப்பா குரலைத் தாழ்த்தினார். "ரெண்டாயிரம் வருஷமாச்சு. துடக்கு இன்னும் கழியேல்லையோ?"

"வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருங்கோ. கூட்டிக்கொண்டு போனதே நீங்கள்தான்" என்றாள் அம்மா.

ஊர் என்றால் வெளியே கிணறு இருக்கும். மூன்றாம் மாடியில் குளியலறை வீட்டுக்குள்தானே இருக்கிறது. அம்மா சாத்திரத்தைக் கொஞ்சம் வளைத்தாள். படியில் என்னை முன்னால் தள்ளிக் காதுக்குள் ஒரு கட்டளை போட்டாள். சித்தி வாசல் முக்காலியில் இருந்து, வயிற்றுக்கு மேலால் சப்பாத்து நாடாவைத் தேடிக்கொண்டிருந்தபோது, நான் ஒரு கோப்பை சிவப்புப் பழச்சாற்றுடன் வந்து, கால் தடுக்கி, அவள் உச்சந்தலையில் ஊற்றினேன். சித்தி துள்ளி விழுந்துவிட்டால்? அம்மாவின் இரண்டு கைகளும் காற்றில் நின்றன.

சித்தி அசையவில்லை. சாறு நெற்றியால் வழிந்தது.

"கண் எங்கையடி உனக்கு? பிராக்குப் பாக்கிறியே!" அம்மா தேவைக்கு மேலாகவே கத்தினாள். சித்தியின் பக்கம் திரும்பினாள். "நீ போய்த் தலையிலை தோய், போ. ஒட்டப் போகுது."

தண்ணீர் நெடுநேரம் ஓடியது. துவாயைத் தலையில் சுற்றிக்கொண்டு வந்த சித்தி என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். அடி விழப்போகிறது என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன்.

"கிராவ் எண்டா என்னெண்டு எனக்குத் தெரியும், பிள்ளை. துரொண்ட்ஹெய்மிலை படிச்சனான். கொம்மாவுக்குச் சொல்லாதை, பயந்துபோவா." பிறகு குரல் இன்னும் இறங்கியது. "அந்தப் போச்சிக்கை பால் விட்டே வைச்சவை? அப்பிடி ஏதும் போட்டிருந்துதோ?"

"இல்லை, சித்தி. அது எழுதேல்லை."

"விட்டிருப்பா" என்றாள். "தாயெல்லே."

சித்தியின் மகள், என் தங்கச்சி, வைகாசியில் சுகமாகப் பிறந்தாள். அந்தப் பெருமையை அம்மா இன்றைக்கும் பழச்சாற்றுக்கே கொடுக்கிறாள். தன் கையால் பிள்ளையோடு எதையோ வைத்தனுப்ப முடிந்த ஒரு தாய்மேல் பொறாமைப்பட்டுத்தான் சித்தி அந்தக் கண்ணாடியின் முன்னால் நின்றிருக்கிறாள் என்பது, அடி விழவில்லையே என்ற சந்தோஷத்தில் நின்ற எனக்கு அன்று விளங்கவில்லை.