தூணில் நீட்டிய கம்பி வால்

அத்தானை நினைத்தால் முகத்துக்கு முன்னால் அவர் இடுப்புதான் வருகிறது. கட்டுக்கம்பிச் சுருளை அதில் மாட்டிக்கொண்டுதான் தளத்தில் திரிவார். "அத்தான், இன்னுமா அரைஞாண் கழட்டல?" என்பேன். முறைப்பார், பிறகு சிரித்துவிடுவார்.

அக்காவின் புருஷன். தாராவியில் ஒரே அறையில் மூவரும் இருந்தோம். செம்பூரில் எழும்பிய மாடிக் கட்டடத்தில் நானும் அத்தானும் கம்பி கட்டினோம். சாரத்துக்கு வெள்ளைக் கம்பி, மழையில் துருப்பிடிக்காது. செங்கல் சுவர் தூணைத் தொடும் இடத்தில் கோழிவலை, பூச்சு வெடிக்காது. தூணின் முறுக்குக் கம்பிகளைப் பிணைக்க, சுட்டு இளக்கிய மெல்லிய கறுப்புக் கம்பி. அதுதான் எங்கள் வேலை.

"டைல்ஸ்காரன் போட்டோ புடிச்சு ஊருக்கு அனுப்புதான். நம்ம வேலைய எப்படி அனுப்ப?" என்று ஒருநாள் வம்பிழுத்தேன்.

"நம்ம கம்பி வெளிய தெரிஞ்சா பில்டிங் விழுந்துட்டுன்னு அர்த்தம்லே மாப்ள. பேசாம கட்டு."

போன மழைக்காலத்தில் அத்தானுக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

கட்டடம் முடிந்து, ஆட்கள் குடிவர இருந்தார்கள். அதன்பின் வாட்ச்மேன் எங்களை உள்ளே விடமாட்டான். "அவிய கட்டுனத ஒருவாட்டி தொட்டுப் பாக்கணும்ல" என்றாள் அக்கா. எல்லாம் சிமெண்டுக்குள் போய்விட்டதை எப்படிச் சொல்ல? பெருக்க வந்தவள் என்று சொல்லி உள்ளே கூட்டிப்போனேன்.

கார் நிறுத்துமிடத்தில் ஒரு தூணில் துருக்கறை. நடுவில் நகநீளத்துக்குக் கம்பி வால் நீட்டிக்கொண்டிருந்தது. கட்டியதும் வாலை உள்ளே மடக்க வேண்டும். விட்டால் இப்படித்தான் கறை பிடிக்கும். நான் மடக்க மறந்த போதெல்லாம் அத்தான் தளமே கேட்கத் திட்டுவார். இதுவோ இடப்பக்கம் சுற்றிய முறுக்கு. தளத்தில் இடக்கைக்காரர் அவர் ஒருவர்தான்.

அவர் இருந்திருந்தால் ஒரு மாதம் சொல்லிச் சொல்லியே மானத்தை வாங்கியிருப்பேன். நாக்கு நுனிவரை வந்ததை யாரிடம் சொல்ல?

"இது அத்தான் கட்டுனதுதான்க்கா."

அக்கா விரலை வைத்தாள். வெகுநேரம் அதை எடுக்கவில்லை. விரல் நுனியில் துரு ஒட்டியது.

"இது இப்படி வெளிய இருக்கலாமால?"

பொய் சொல்ல வரவில்லை. "இருக்கக் கூடாதுக்கா."

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அப்ப நறுக்கிப் பூசிரு. அவியள ஒருத்தன் குறை சொல்லப்படாது."

நறுக்கினேன். சிமெண்டைக் குழைத்து அப்பினேன். அது காயும்வரை அக்கா அங்கேயே நின்றாள்.